வெல்டா அச்சு மாற்றிய மார்ச்

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் வெல்டா நெமெக்கின் டிரெய்லர் வீடு எங்கள் முகாம் வாசலில் வந்து நின்றது. இடதுபக்கச் சக்கரங்களுக்கு மேலே இருந்த தகரம் கிழிந்து, திறந்து தூக்கியெறிந்த மீன் டப்பாவின் மூடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பிக்கப் வண்டியின் ஒரு கதவு வழியாக வெல்டா இறங்கினாள். மறுகதவு வழியாக அவள் கணவன் ஹார்லன் இறங்கினான். அவன் கையில் அரை முழத்துக்கு ஒரு டயர்த் துண்டு. அதை என்னிடம் நீட்டினான்.

“செலோ, இதைப் பாரு! எண்பது மைல் வேகத்துல போயிட்டிருக்கோம், துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம்!”

“அறுபத்திரண்டு,” என்றாள் வெல்டா. “நான்தானே ஓட்டினேன்.”

டெமிங் ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் குளிர்கால முகாமில் அலுவலகம் என் பொறுப்பு. தபால், சலவை இயந்திரச் சாவி, பக்கத்து வீட்டு நாய் மேல் புகார், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நெமெக் தம்பதி ஆறு வருடமாக நெப்ராஸ்காவின் பனிக்குப் பயந்து நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்புகிறவர்கள். நடுவில் இரண்டு வாரம் அரிசோனாப் பாலைவனத்துக்குப் போய்விட்டு வருவார்கள். அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் டயர் வெடித்திருந்தது.

வெல்டாவுக்கு வயது அறுபத்து நாலு. உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி, பெரிய உள்ளங்கை. இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒருமுறை பஸ்ஸில் பிரேக் பிடிக்கும்போது ஏதோ முனகுகிறது என்று சொல்லியிருக்கிறாள். பணிமனை மெக்கானிக் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, எடுத்துட்டுப் போங்க என்றானாம். வெல்டா பஸ்ஸைக் கொண்டுபோய்ப் பணிமனை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். எந்த வண்டியும் வெளியே போக முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேறு வழியில்லாமல் சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பிரேக் தட்டு விரிசல் விட்டிருந்தது. இதை அவளாக யாரிடமும் சொன்னதில்லை. ஹார்லன் சொல்லித்தான் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் சொல்வான்.

ஹார்லன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவனாக இருந்தவன். குட்டையான ஆள், ஓயாத வாய், அருமையான சமையல். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசிப்பான். அவன் அடுப்பில் பீன்ஸும் பச்சை மிளகாயும் கொதிக்க ஆரம்பித்தால், நான்கு வரிசை தள்ளி இருக்கிறவர்கள்கூட ஏதோ வேலையாக அந்தப் பக்கம் நடந்துவருவார்கள்.

அன்று மாலைக்குள் டிரெய்லரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எங்கள் முகாமில் இது வழக்கம். யாராவது ஒரு மூடியைத் திறந்தால் போதும், உள்ளே பார்க்க ஆள் வந்துவிடும். அவர்களில் முதல் ஆள் எப்போதும் வென்டல். டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனிடம் இல்லாத கருவி கிடையாது, அவனுக்குத் தெரியாத விஷயமும் கிடையாது. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான்.

“டயர் மோசம், வேற ஒண்ணுமில்ல,” என்றான் வென்டல். “நல்ல லாரி டயரா நாலு வாங்கிப் போடு. ஒரு மணி நேர வேலை.”

வெல்டா மண்டியிட்டு, வெடிக்காமல் மிச்சமிருந்த மூன்று டயர்களையும் உள்ளங்கையால் தடவினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, “நீயும் தடவிப் பாரு செலோ,” என்றாள்.

வெளிப்பக்கம் வரிகள் ஆழமாக, புது டயர் மாதிரி இருந்தன. உள்பக்க ஓரத்துக்குக் கை போனபோது வழுவழுவென்று இருந்தது, சோப்புக்கட்டி மாதிரி.

“மூணும் இப்படித்தான். ஒரு டயர் தேஞ்சா டயர் மேல தப்பு. எல்லாம் ஒரே பக்கம் தேஞ்சா, அதைப் புடிச்சிட்டு இருக்கிறது மேல தப்பு.”

பத்தடி பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே அகன்று, டிரெய்லர் புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி மாதிரி காலை அகட்டி நின்றது. ஆறு வருடமாக என் கண்ணெதிரே நிற்கும் வண்டி. ஒருநாளும் கவனித்ததில்லை.

பிறகு வெல்டா ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். அச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டினாள். புது அச்சு நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், வில் மாதிரி. பாரம் ஏறும்போதுதான் நேராகும். வெல்டாவின் அச்சுகளோ பாரத்துக்குப் பழகி, நடுவில் தொய்ந்து, நூலுக்கும் கீழே இறங்கியிருந்தன.

“ரெண்டு ஆக்சிலும் போச்சு,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “இதுல புது டயர் போட்டா அடுத்த குளிர்காலத்துக்குள்ள அதையும் தின்னுடும்.”

“பெரிய ஆக்சிலா வாங்கிப் போட்டுடு, தாயே. இதைவிட ரெண்டு மடங்கு தாங்குறது. அப்புறம் கவலையே இல்ல!” என்றான் வென்டல்.

வெல்டா முகத்தில் மண்ணோடு வெளியே வந்தாள். “வென்டல், நீ பெரிய செருப்பு போட்டா உன் முதுகுவலி போயிடுமா? வண்டியோட இரும்புச் சட்டம் அதேதான், அதைத் தாங்குற வில்பட்டை அதேதான். ஆக்சில் மட்டும் பெருசானா, அடுத்து உடையப்போறது சட்டம்.”

எல்லாரும் சிரித்தார்கள். வென்டலும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மே மாதம் அவள் அக்கா இமோஜீனுக்குக் கல்யாணம். அறுபத்தொன்பது வயதில் மூன்றாவது கல்யாணம். ஐடஹோவில் ஒரு ஏரிக்கரையில் தேனீ வளர்க்கும் லோவல் என்பவர் மாப்பிள்ளை. இந்த டிரெய்லரை இரண்டு வாரத்துக்குக் கொடுத்து, கல்யாண ஜோடியைக் கடற்கரைக்கு அனுப்புவதாக வெல்டா வாக்குக் கொடுத்திருந்தாள்.

“எங்க அக்கா ரெண்டு தடவை நட்டாத்துல நின்னவ,” என்றாள் என்னிடம். “மூணாவது தடவையும் நடுரோட்டுல நிறுத்துறது நானா இருக்கக் கூடாது.”

மறுநாள் காலை உதவிச் சக்கரத்தோடு டிரெய்லரை மெதுவாக ஓட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். தபால் எடுக்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அதுதான் சாக்கு. ஹார்லன் வரவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

டிரெய்லரின் இரண்டு அச்சும் சேர்ந்து தாங்கக்கூடியது ஏழாயிரம் பவுண்டு. தங்கள் வண்டி ஆறாயிரத்து எண்ணூறு இருக்கும் என்று வெல்டா கணக்குப் போட்டிருந்தாள். மேடைக்காரர் நீட்டிய சீட்டில் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது என்று இருந்தது.

வெல்டா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஏதாவது விளக்கம் எழுதியிருக்கும் என்பது போல. பிறகு மேடைக்காரரிடம் ஏதோ பேசி, இடதுபக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு சீட்டு வாங்கினாள். வலதுபக்கத்தைவிட இடதுபக்கம் தொள்ளாயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதல்.

“இடது பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“கட்டில்ல ஹார்லன் படுக்கிற பக்கம்,” என்றாள். “சாப்பாட்டு பெஞ்சியில ஹார்லன் உட்கார்ற பக்கம்.”

“ஹார்லன் அவ்வளவு கனமா?”

அவள் சிரிக்கவில்லை. இரண்டு சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

முகாமுக்கு வந்ததும் வெல்டா உள்ளே ஏறி, ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்தாள். ஹார்லன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் படுக்கையறைப் பக்கம் போனபோது அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“வெல்டா, துணி துவைக்கணும்னியே, நான் போய்...”

கட்டிலின் பலகையை அவள் தூக்கினாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். உள்ளே ஆப்பிள் பெட்டிகள், நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் பழைய துண்டில் சுற்றிய பொட்டலங்கள். வெல்டா ஒன்றைப் பிரித்தாள். உள்ளே வரிவரியாக நிறம் ஓடும் ஒரு கல்.

“ஹார்லன். இது என்ன?”

“அகேட்.”

அடுத்ததைப் பிரித்தாள். “இது?”

“அதுவும் அகேட்தான். ஆனா வேற நிறம், பாரு, ஓரத்துல ஊதா...”

“இது?”

“இடிமுட்டை.” எங்கள் மலையில் கிடைக்கிற உருண்டைக் கல்லுக்கு அப்படித்தான் பெயர். வெளியே பார்த்தால் அழுக்கு உருளைக்கிழங்கு. அறுத்தால் உள்ளே நட்சத்திர வடிவத்தில் நிறங்கள் இருக்கும்.

“எத்தனை வருஷமா?”

“ஆறு,” என்றான் ஹார்லன். பிறகு, “பெஞ்சிக்கு அடியிலயும் கொஞ்சம்,” என்றான்.

வெல்டா கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். நான் பார்த்த அளவில், அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

“நான் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு ஏறுறேன், ஹார்லன். நீ மேல உட்கார்ந்துக்கிட்டு கல்லை அடுக்குற. அந்த டயர் மேட்டுல ஏறும்போது வெடிச்சிது. இறக்கத்துல வெடிச்சிருந்தா?”

ஹார்லன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனுக்கு வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“வெளிய எடு,” என்றாள் வெல்டா. “ஒண்ணு விடாம.”

டிரெய்லருக்கு முன்னால் பெரிய தார்ப்பாய் விரித்தார்கள். ஹார்லன் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்தான். என் அலுவலகத்து எடைக்கருவியில் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்துப் பார்த்தோம். எழுநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. கும்பல் சேர்ந்துவிட்டது. வென்டல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நண்பா, நீ மலையைக் கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கியா?” என்றான்.

வெல்டா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். “அறுபது பவுண்டு திரும்ப உள்ள வரலாம். எதெது வேணும்னு நீயே சொல்லு. ஏன் வேணும்னும் சொல்லு.”

“தொண்ணூறு?”

“அறுபது.”

“என் பெரிய இரும்புச் சட்டியை இங்கேயே விட்டுட்டா?”

வெல்டா யோசித்தாள். “எழுபது.”

இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு கல்லையும் எங்கே எடுத்தான், அன்று என்ன காற்று அடித்தது, வழியில் யாரைப் பார்த்தான் என்று ஹார்லன் சொல்ல, கும்பல் கேட்டுக்கொண்டிருந்தது. வெல்டா தலையை ஆட்டினால் உள்ளே, ஆட்டாவிட்டால் வெளியே. கடைசியில் ஒரு சாம்பல் நிறச் சரளைக்கல் வந்தது. அதில் நிறமும் இல்லை, பளபளப்பும் இல்லை. சாலை போடக் கொட்டுகிற ஜல்லி.

“இது எதுக்குடா?” என்றான் வென்டல்.

ஹார்லன் வெல்டாவைப் பார்த்தான். “அவ கடைசி நாள் பஸ்ஸை நிறுத்தின இடத்துல கிடந்துச்சு. முன்சக்கரத்துக்குக் கீழ.”

வெல்டா அந்தக் கல்லை வாங்கி, எடை போடாமலே தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “அடுத்தது,” என்றாள், குரலைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு.

மிச்சக் கற்களில் இரண்டு பெட்டி டெமிங் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மற்றதை முகாம் கூடத்தின் முன்னால் மேசை போட்டு, உள்ளே என்ன நிறம் என்று சரியாகச் சொல்கிறவர்களுக்கு ஹார்லன் கொடுத்துத் தீர்த்தான். தப்பாகச் சொன்னவர்களுக்கும் கொடுத்தான்.

வெல்டா அச்சுகளை அளந்தாள். ஒரு சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை ஓர் அளவு, ஒரு வில்பட்டையின் நடுவிலிருந்து மறுபட்டையின் நடு வரை இன்னோர் அளவு. மூன்று முறை அளந்து, மூன்று முறையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒத்துப்பார்த்த பிறகுதான் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் சொன்னாள். இந்தியானாவிலிருந்து வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. மார்ச் இருபதாம் தேதி லாரிக்காரன் என் அலுவலக வாசலில் இரண்டு கறுப்பு அச்சுகளை இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். நடுவில் அழகாக மேல்நோக்கி வளைந்திருந்தன. வெல்டா ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரி சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

வேலை தொடங்கியது. டிரெய்லரைச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நான்கு மூலையிலும் இரும்பு முட்டுக்கால்கள் வைத்தார்கள். முட்டு மேல் நிற்கும்வரை உள்ளே யாரும் ஏறக் கூடாது என்று வெல்டா கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஹார்லன் வெளியே அடுப்பை வைத்து எல்லாருக்கும் சமைத்தான். அச்சை வில்பட்டையோடு கட்டியிருந்த யூ போல்ட்டுகள் துருப்பிடித்து, நட்டு எது போல்ட்டு எது என்று தெரியாமல் ஒட்டிக் கிடந்தன. வென்டல் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து, பொறி பறக்க எட்டையும் அறுத்துத் தள்ளினான். பழைய அச்சுகள் விழுந்தபோது கும்பல் கைதட்டியது.

“பார்த்தியா, நான் இல்லாம முடியுமா?” என்றான் வென்டல்.

“முடியாது,” என்றாள் வெல்டா. உண்மையாகவே சொன்னாள். அதில்தான் வினை வந்தது.

மறுநாள் அவளும் நானும் டயர் வாங்க லாஸ் குரூசஸுக்குப் போனோம். அங்கே கடைக்காரப் பையன் நல்ல மரியாதைக்காரன். லாரி டயரைக் காட்டினான், அதைவிடப் பளபளப்பான இன்னொன்றைக் காட்டினான்.

“டிரெய்லருக்குன்னே செய்யுறது காட்டுப்பா,” என்றாள் வெல்டா. “லாரி டயர் ஓடுறதுக்குச் செஞ்சது. என் வண்டி இழுபடுறது. ஒவ்வொரு திருப்பத்துலயும் டயரோட இடுப்பு முறுகும். இடுப்பு கெட்டியா இருக்கணும்.”

அவன் டிரெய்லர் டயரை உருட்டி வந்தான். பக்கவாட்டில் ‘சி’ என்று எழுத்து. வெல்டா தலையை ஆட்டினாள். “நாலு சேர்ந்து ஏழாயிரத்து இருநூத்து எண்பதுதான் தாங்கும். என் வண்டி இப்ப ஆறாயிரத்து தொள்ளாயிரத்து சொச்சம். மூச்சு விட இடம் வேணாமா? அடுத்த எழுத்து கொண்டுவா.” அவன் ‘டி’ கொண்டுவந்தான். அதற்குக் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தை இரும்பு வளையம் தாங்குமா என்று, கையோடு கொண்டுவந்திருந்த சக்கரத்தின் உள்பக்கத்தில் பொறித்திருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். தாங்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் குனிந்து டயரின் பக்கத்தில் ஏதோ தேடினாள். நான்கு எண்கள். முதல் இரண்டும் டயர் தயாரான வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டும் வருடத்தை.

“தம்பி, இது பொறந்து நாலு வருஷம் ஆச்சு.”

“புதுசுதாங்க. ஒரு தடவைகூட ரோட்டுல ஓடல.”

“ஓடலன்னாலும் வயசாகும்ல? எனக்கும்தான் வயசாகுது, சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட.”

பையன் சிரித்துவிட்டு உள்ளே போனான். கால் மணி நேரம் கழித்து, போன நவம்பரில் செய்த டயர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தான். உதவிச் சக்கரத்துக்கும் சேர்த்து ஐந்தாக வாங்கினாள்.

நாங்கள் திரும்பியபோது முகாமே வாசலில் நின்றது. எல்லார் முகத்திலும் ஒரு மாதிரிச் சிரிப்பு. டிரெய்லருக்கு அடியில் முன் அச்சு ஏற்கெனவே ஏறியிருந்தது.

“ஆச்சரியப்படுவேன்னுதான்!” என்றான் வென்டல். “நீ வந்து டயரை மாட்டினா போதும்.”

வெல்டா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

“வென்டல், பிரேக்குக்குப் போற வயர் எந்தப் பக்கம் இருக்கு?”

“முன்னாடி.”

“எந்தப் பக்கம் இருக்கணும்?”

வென்டல் இன்னும் ஏற்றாத பின் அச்சைப் பார்த்தான், தரையில் கிடந்த பழைய அச்சுகளைப் பார்த்தான். அவன் காது சிவந்தது. அச்சை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தார்கள். இடதுபக்கப் பிரேக் வலதுபக்கம் வந்து, எல்லாம் பின்னோக்கித் திரும்பியிருந்தது.

“பின்னாடி,” என்றான் மெதுவாக.

“ரிவர்ஸ்ல மட்டும் ஐடஹோ போறதா இருந்தா இது சரிதான்,” என்றாள் வெல்டா. சட்டென்று யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். வென்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “என்னைப் புதைச்சிடுங்க,” என்றான்.

அதைக் கழற்றித் திருப்பி மாட்டி, பின் அச்சையும் ஏற்ற மத்தியானம் முழுதும் போனது. அதற்குள் ஹார்லன் ரொட்டி சுட்டு, பன்றிக்கறிக் குழம்பு வைத்து, வேலை செய்கிறவர்களின் வாயில் நேரடியாக ஊட்டிக்கொண்டு திரிந்தான். சாயங்காலம் சக்கரங்களை மாட்டும் நான்கு ஹப்புகளும் தயாராக நின்றன. டயர் மாட்டுவதற்கு முன் வெல்டா ஒவ்வொன்றையும் கையால் சுற்றிவிட்டாள்.

குழம்புக் கரண்டியோடு பக்கத்தில் நின்ற ஹார்லன் தலையைச் சாய்த்தான். “மறுபடியும் சுத்து.”

“என்ன?”

“அந்த மூணாவது. மத்தது மூணும் ஒரே சுருதி. இது கரகரங்குது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல,” என்றான் வென்டல்.

ஹார்லன் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, மண்ணில் படுத்துக் காதை இரும்பில் வைத்தான். “சுத்து, வெல்டா. மெதுவா. இதோ, இங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை.”

வெல்டா மூடியைக் கழற்றினாள். அச்சைத் திருப்பும் அவசரத்தில் ஒரு முனை தரையில் விழுந்து, மூடி எகிறியிருக்கிறது. யாரோ அப்படியே திரும்ப அமுக்கிவிட்டார்கள். கிரீஸுக்குள் எங்கள் பாலைவனத்து மணல் கலந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் இருநூறு மைலுக்குள் பேரிங் எரிந்திருக்கும்.

வெல்டா விரலில் அந்த மணலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை பேர் நடுவில், கிரீஸ் கையாலேயே ஹார்லனின் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். இரண்டு கன்னத்திலும் கறுப்பு உள்ளங்கை பதிந்தது. ஹார்லன் அன்று முழுக்க அதைக் கழுவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம், “நான் மெக்கானிக்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, மறுநாள் டயர்களை மாட்டி, முட்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார்கள். நான்கு சக்கரமும் நிமிர்ந்து நின்றன. பத்தடி பின்னால் போய்ப் பார்த்தேன். இப்போது எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினார்கள். ஐம்பது மைல் போனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கியதாகவும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹப்பைத் தொட்டுப் பார்த்ததாகவும், உள்ளங்கை வைக்கிற சூடுதான் இருந்ததாகவும் வெல்டா வழியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். யூட்டா மாநிலத்தில் காற்று ஒருநாள் முழுக்கப் பக்கவாட்டில் அடித்ததாம். வண்டி அசையவில்லையாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இமோஜீனும் லோவலும் மறுநாள் டிரெய்லரோடு கடற்கரைக்குப் போய், இரண்டு வாரம் கழித்து, வாங்கிய மாதிரியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதையெல்லாம் ஹார்லன் எனக்கு ஆறு பக்கக் கடிதமாக எழுதியிருந்தான். கூடவே ஒரு புகைப்படமும் இருந்தது. ஏரிக்கரையில் கல்யாண விருந்து நடக்கிறது. பின்னால் லோவலின் படகு ஏற்றும் டிரெய்லர் நிற்கிறது. அதற்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பட்டுப் பாவாடையின் ஓரமும், செருப்பில்லாத இரண்டு பெரிய பாதங்களும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மாப்பிள்ளை கோட்டோடு குனிந்து உள்ளே பார்க்கிறார்.

படத்தின் பின்பக்கம் ஹார்லன் எழுதியிருந்தான்: “நூல் கொண்டுவாங்கன்னு மாப்பிள்ளையையே விரட்டிட்டா. கேக் வெட்ட அரை மணி நேரம் லேட்.”